உயிர்மருத்துவப் பொறியியலுக்கு ஒரு முன்னேற்பாடு

"இளங்கலைப் பொறியியல் படிக்கும்போதே உயிர்மருத்துவப் பொறியியல் மேற்படிப்புக்கு எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது?" என்று நம் மன்றத்து இளைய நண்பர்கள் பலர் என்னைக் கேட்டதுண்டு. கேட்டவர்களுள் மின்னணுவியல் பயில்வோர் உண்டு. இயந்திரவியல் பயில்வோர் உண்டு. 'நம் துறையின் பெயரில் மருத்துவம் என்ற சொல்லே இல்லையே, நமக்கு இடம் கிடைக்குமா?' என்று ஐயுறுவோரும் உண்டு. அவர்களுக்குத் தனித்தனியே சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இத்துறையில் முதுகலை மாணவன், அறிஞன் அல்லேன். முன்னே நடந்தவன் பின்னே வருபவனுக்கு வழியிலுள்ள மேடுபள்ளங்களைச் சொல்வதாகக் கொள்க.

ஊரே ஒரு பாடம்

நான் குடியிருப்பது பிரேசர் டவுன். அரசு ஏடுகளில் இதன் பெயர் புலகேசி நகர். மசூதிச் சாலையில் நோன்புக் காலத்து மாலைக் கூட்டத்தைக் கண்டவர்கள் இவ்வூரை உணவுக்குப் பெயர்போன ஊர் என்றே எண்ணுவர். ஆனால் இவ்வூர் பிறந்த கதை வேறு.

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூருக்குள் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான தெருக்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். இந்நோயின் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் எர்சேன் என்பவர் கண்டறிந்திருந்தார். அக்கிருமியை எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி மனிதனிடம் கொண்டுசேர்க்கிறது என்பதை 1898-இல் கராச்சியில் சைமண்ட் என்பவர் கண்டார். மருத்துவர் அவ்வளவு சொல்லிவிட்டார். அதன் பிறகு பொறியாளரின் வேலை தொடங்கிற்று. எலி வீட்டுக்குள் எவ்வழியாக வருகிறது? எங்கே வளை தோண்டுகிறது? காற்றும் வெளிச்சமும் புக வேண்டுமானால் வீட்டுக்கு வீடு எவ்வளவு இடைவெளி வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடையாக 1906-ஆம் ஆண்டையொட்டி எழுந்த புதுக்குடியிருப்பே பிரேசர் டவுன். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசானாயிருந்த ஸ்டூவர்ட் மிட்போர்டு பிரேசரின் பெயரை இதற்கு இட்டனர். நகராட்சிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதி 1914-இல் வெளியிட்டார்.

நோயைப் பற்றிய அறிவைச் சுவராகவும் தளமாகவும் சாக்கடையாகவும் மாற்றியவர் பொறியாளர். உயிர்மருத்துவப் பொறியியலின் உட்கருத்தும் இதுவே. உடலைப் பற்றி மருத்துவம் அறிந்ததைக் கருவியாகவும் பொருளாகவும் கணக்காகவும் மாற்றுவது அது. இதயத்துடிப்பு வரைவி, செயற்கை இதய வால்வு, செயற்கைக் கால், ஊடுகதிர்ப் படக்கருவி ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும்.

என்னால் விடை சொல்ல முடியாத கேள்வி

நான் இத்துறைக்கு வந்தது ஊர்ப் பெருமையால் அன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை பெங்களூரை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்கு ஓர் ஆக்சிமீட்டர் இருந்தது. விரல்நுனியில் மாட்டினால் இரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு எத்தனை பங்கு நிறைந்துள்ளது என்று காட்டும் அச்சிறு கருவி வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தது.

கீழ்வீட்டுப் பாட்டியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு ஆறாம் நாள். அவர் மகன் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைதானே? அம்மாவுக்கு மூச்சு வாங்குது. இது என்னடான்னா தொண்ணூத்தஞ்சு காட்டுது. இதை நம்பலாமாப்பா?"

"தொண்ணூத்தஞ்சு நல்ல நம்பர்தான் அண்ணா," என்றேன். கருவியின் அட்டையில் அச்சிட்டிருந்ததற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இரவு எட்டு மணிக்கு ஒரு மருத்துவர் தொலைபேசியில் கிடைத்தார். "எண்ணை விடுங்கள். ஒரு நிமிடம் முழுவதும் அம்மா எத்தனை தடவை மூச்சு விடுகிறார் என்று எண்ணுங்கள்," என்றார். எண்ணினோம், 28. நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டாலே நோய் முற்றுவதற்கு அறிகுறி என்பது அப்போதைய அரசு வழிகாட்டுதல். அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினொரு நாள் கழித்துப் பாட்டியம்மா வீடு திரும்பினார். என் சொல்லை நம்பி விடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

கருவி பிழைசெய்ததா என்பது இங்கே பொருளன்று. அது பிழைசெய்யக்கூடுமா, எப்போது, எவ்வளவு என்று கேட்கவே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நண்பர்களே, மேற்படிப்புக்கான ஆயத்தம் என்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றலைப் பெறுவதுதான்.

ஒரு கருவி, பல பாடங்கள்

அவ்வாக்சிமீட்டரையே பாடமாக எடுத்துக்கொள்வோம். ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அவோயாகி 1974-இல் கண்ட முறை அது. பிராணவாயு ஏறிய ஈமோகுளோபின் செந்நிற ஒளியைக் குறைவாக விழுங்கும்; பிராணவாயு இழந்தது மிகுதியாக விழுங்கும். அகச்சிவப்பு ஒளியில் இந்நிலை மாறிவிடும். ஆகவே கருவி 660 நானோமீட்டர் அலைநீளச் செவ்வொளியையும், 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பொளியையும் விரலுக்குள் மாறிமாறிச் செலுத்துகிறது. தோல், எலும்பு, தசை ஆகியவை விழுங்கும் ஒளி பெரும்பாலும் மாறாமல் இருக்கும். நாடி துடிக்கும்போது மட்டும் தமனி இரத்தம் கூடிக் குறைவதால் ஒளியில் சிற்றலை ஒன்று எழும். அச்சிற்றலை தமனியினுடையது என்று கொண்டு கணக்கிடுவதே அவோயாகியின் நுட்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செவ்வொளியில் நிலையான பகுதி 2 வோல்ட், சிற்றலை 0.02 வோல்ட், இவற்றின் பங்கு 0.01. அகச்சிவப்பில் நிலையான பகுதி 2.5 வோல்ட், சிற்றலை 0.05 வோல்ட், பங்கு 0.02. முன்னதைப் பின்னதால் வகுத்தால் விகிதம் 0.5. பாடநூல்களில் வரும் எளிய வாய்பாடு, 110-லிருந்து விகிதத்தின் 25 மடங்கைக் கழி என்பது. கழித்தால் 97.5 வரும்; நல்ல எண்.

இப்போது செவ்வொளிச் சிற்றலையில் 0.005 வோல்ட் இரைச்சல் கலந்தது என்று வையுங்கள். பங்கு 0.0125 ஆகும், விகிதம் 0.625, விடை ஏறத்தாழ 94.4. ஐந்து மில்லிவோல்ட் பிழை, நோயாளியின் எண்ணை மூன்று படி இறக்கிவிட்டது! இனிக் கையை ஆட்டினால் என்ன ஆகும்? இரண்டு ஒளியிலும் ஒத்த அளவில் பெரிய ஆட்டம் எழும். விகிதம் 1-ஐ நெருங்கும். விடை 85-ஐ நோக்கி ஓடும். உண்மையில் 97 உள்ளவருக்கு இது வீண் அச்சம். உண்மையில் 75 உள்ளவருக்கோ இது பொய்யான ஆறுதல்.

இவ்வாய்பாடு எங்கிருந்து வந்தது? உடல்நலமுள்ள தொண்டர்களைப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களின் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்து, அதனோடு விகிதத்தை ஒப்பிட்டுத் தீட்டிய கோடு அது. தொண்டர்களை 70-க்குக் கீழே இறக்குவது தீது. ஆகவே 70-க்குக் கீழ் கருவி காட்டுவது ஊகமே. அத்தொண்டர்கள் யார் என்பதும் முக்கியமான கேள்வி. அமெரிக்க மருந்து ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், குறைந்தது 10 பேரைச் சோதிக்க வேண்டும், அவர்களுள் 2 பேராவது கருநிறத் தோலினராக இருக்க வேண்டும் என்ற அளவில் நின்றது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வெள்ளையருள் 3.6 விழுக்காட்டினருக்கு இரத்தத்தின் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது, கறுப்பருள் 11.7 விழுக்காட்டினருக்கு அவ்வாறு இருந்தது. 2025 ஜனவரியில் அவ்வாணையம் வெளியிட்ட வரைவு, 150 பேர் அளவில், பல்வேறு தோல் நிறத்தினரிடமும் சோதிக்க வேண்டும் என்று கேட்கிறது. நம் தெருவில் நம் பாட்டிமார் விரலில் மாட்டிய கருவி யார் விரலில் அளவு பார்த்துச் செய்யப்பட்டது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டல்லவா?

அட்டையில் '±2' என்று அச்சிட்டிருப்பதன் பொருளையும் நாம் தவறாகவே கொள்கிறோம். மூன்றில் இரண்டு அளவீடுகள் அவ்வெல்லைக்குள் இருக்கும் என்பதே அதன் பொருள். மூன்றில் ஒன்று வெளியே போகலாம்.

எதை எப்போது படிப்பது?

இந்த ஒரு கருவியை அறிய எத்தனை பாடங்கள் வேண்டியிருந்தன, பாருங்கள். ஒளியை அறிய இயற்பியல். சிற்றலையைப் பெருக்க மின்னணுவியல். இரைச்சலைப் பிரிக்கச் சமிக்ஞைப் பாடம். பிழையை மதிப்பிடப் புள்ளியியல். எண்ணின் பொருளறிய உடலியங்கியல். இவற்றுள் நான்கு பொறியியல் மாணவன் எப்படியும் தொடுவதே. ஐந்தாவதைத்தான் தனியே தேடிப் பெறவேண்டும்.

முதலிரண்டு ஆண்டுகளில் கணிதத்தை உறுதிசெய்யுங்கள். நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவு ஆகிய மூன்றும் தேர்வுக்குப் பிறகும் நினைவில் நிற்கவேண்டும். அவற்றோடு நாள்தோறும் அரைமணி உடலியங்கியல் படியுங்கள். இதயம், நுரையீரல், நரம்பு, சிறுநீரகம் என்ற வரிசை போதும். மருத்துவ மாணவனைப் போல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. 'இங்கே ஓடுவது யாது? அதைத் தள்ளுவது யாது? தடுப்பது யாது?' என்று பொறியாளன் கண்ணால் படிக்கவேண்டும். பிராணவாயு அழுத்தம் 60 மில்லிமீட்டராக இருக்கும்போது இரத்தம் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைந்திருக்கும். அழுத்தம் 40-க்கு இறங்கினால் 75 விழுக்காடாகிவிடும். 90-க்குக் கீழே சரிவு ஏன் செங்குத்தாகிறது என்று அறிந்தவனுக்கு, 90 என்ற எல்லையை மருத்துவர் ஏன் அஞ்சுகிறார் என்பதும் விளங்கிவிடும். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம்.

மூன்றாம் ஆண்டில் ஓர் ஆய்வகத்துக்குள் கால்வைக்க வேண்டும். இந்திய அறிவியல் அகாதெமி மற்ற இரு தேசிய அகாதெமிகளோடு சேர்ந்து, ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடைகால ஆராய்ச்சி உதவி வழங்குகிறது. அவ்வகாதெமியின் அலுவலகம் நம் பெங்களூரிலேயே சதாசிவ நகரில் உள்ளது. விண்ணப்பத்துக்கான காலம் கோடைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், விழிப்பாயிருங்கள்.

நான் தோற்ற இடம்

இறுதியாண்டுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாடித்துடிப்பை அளக்கும் கருவி ஒன்றை நான் செய்தேன். அழகிய பெட்டி, வண்ணத்திரை, கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வசதி எல்லாம் வைத்தேன். 2023-இல் முதுகலை நேர்காணலுக்குப் போனபோது ஆசிரியர் ஒருவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்?" என்று கேட்டார்.

"என் விரலில் மட்டும், சார்."

"எதனோடு ஒப்பிட்டீர்கள்?"

விடையில்லை. இரண்டாண்டுக்கு முன் படிக்கட்டில் கேட்ட அதே கேள்வியை மறந்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இடம் கிடைக்கவில்லை, ஓராண்டு போயிற்று. வீட்டில் யாரும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே பெரிய பாரமாயிருந்தது. அந்த ஆண்டில் அதே கருவியை, பெட்டியும் திரையும் இல்லாமல், கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்று இருபது பேரிடம் சோதித்தேன். ஒவ்வொருவருக்கும் நாடியைக் கையால் பிடித்து எண்ணிய எண்ணையும் கருவியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். குளிர்ந்த கை, மருதாணி பூசிய விரல், சன்னலோரத்து வெயில் ஆகிய ஒவ்வொன்றிலும் பிழை எவ்வளவு என்று குறித்தேன். அடுத்த ஆண்டு நேர்காணலுக்கு எடுத்துச் சென்றது அந்தக் குறிப்பேட்டைத்தான். இருபது நிமிடமும் அதைப் பற்றியே பேசினார்கள்.

ஆதலால் சிறிய திட்டம் போதும். ஆனால் அது எங்கே தவறும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

தேர்வும் விண்ணப்பமும்

'கேட்' தேர்வில் உயிர்மருத்துவப் பொறியியலுக்கென்று தனித்தாள் 2020-ஆம் ஆண்டில்தான் வந்தது. மூன்று மணி நேரம், 65 வினா, 100 மதிப்பெண். பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மீதி 72 பாடத்துக்கு. கணிதம், மின்சுற்று, சமிக்ஞைகள், மின்னணுவியல், அளவையும் கட்டுப்பாடும், உணரிகளும் உயிர்க்கருவியியலும், உடற்கூறும் உடலியங்கியலும், மருத்துவப் படவியல், உயிர்விசையியல், உயிர்ப்பொருளியல் எனப் பத்துப் பகுதி. மின்னணுவியல் மாணவனுக்கு முதற்பாதி பழகியது. இயந்திரவியல் மாணவனுக்குக் கடைசி இரண்டும் எளிது. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும்.

படிக்கும் இடங்களைச் சொல்கிறேன். இந்திய அறிவியல் கழகத்தில் 2015-இல் தொடங்கிய மையம் இன்று உயிர்ப்பொறியியல் துறையாக வளர்ந்துள்ளது. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம். பிரேசர் டவுனிலிருந்து ஜெயமஹால் வழியே மேக்ரி வட்டம் தாண்டினால் வந்துவிடும். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து மருத்துவமனைப் பொறியியலில் முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. பொறியாளனும் மருத்துவனும் ஒரே கூரையின்கீழ் கற்க விரும்புவோருக்கு அது தக்கது. வெளிநாடு செல்ல விரும்புவோர், ஜி.ஆர்.இ. கேட்கிறார்களா என்பதைப் பல்கலைக்கழகம்தோறும் பார்க்கவேண்டும்; பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதம் எங்கும் வேண்டும். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஆசிரியரிடம் அதை வாங்குங்கள். பெரிய பதவியில் இருப்பவர் உங்கள் வேலையைப் பார்த்திராவிட்டால் அவர் கடிதத்தால் பயனில்லை.

மருத்துவமனையில் காது கொடுங்கள்

வாய்ப்புக் கிடைத்தால், முறையாக அனுமதி பெற்று, ஒரு மருத்துவமனையின் கருவிப் பழுதுபார்க்கும் பிரிவில் சில வாரம் இருங்கள். எந்தக் கருவி அடிக்கடி பழுதாகி வருகிறது என்று கேளுங்கள். கம்பி அறுந்தது, மின்கலம் தீர்ந்தது, மின்னழுத்தம் ஏறி இறங்கியது என்பவை போன்ற எளிய காரணங்களே பெரும்பாலும் வரும். 2007-08-ஐ ஒட்டி ஜி.இ. நிறுவனத்தின் பெங்களூர்ப் பொறியாளர்கள் 'மேக் 400' என்ற கையடக்க இதயத்துடிப்பு வரைவியைச் செய்தபோது, பெரிய அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பேருந்துச் சீட்டு அச்சடிக்கும் சிறு பொறியின் வகையை எடுத்து வைத்தார்கள். மின்கலத்தில் ஓடியது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. கிராமத்து மருத்துவரின் தேவையைக் கேட்டறிந்தவர்களுக்கே இத்தகைய யோசனை தோன்றும்.

இங்கே நமக்கு ஒரு வசதியும் உண்டு. கண்டோன்மென்ட் பகுதியில் வளர்ந்தவர்கள் தமிழோடு கன்னடமும் உருதுவும் ஓரளவு பேசுவர். 'மார்பு அடைக்குது' என்பதற்கும் 'மார்பு படபடங்குது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நோயாளியின் வாயாலேயே கேட்டு அறியமுடிந்த பொறியாளன், எதை அளக்கவேண்டும் என்பதைப் பிறரைவிட விரைவில் அறிவான்.

பொறுமை

கடைசியாக ஒன்று. ஒரு மனிதனின் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை துடிக்கும். செயற்கை வால்வும் அத்தனை முறை திறந்து மூடவேண்டும். ஸ்ரீசித்திரை நிலையத்தில் அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேசுவரும் தம் குழுவினரோடு அத்தகைய வால்வைச் செய்ய முயன்றனர். முதல் மூன்று அமைப்புகளும் சோதனையில் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் எது உடைந்தது, எது தேய்ந்தது என்று எழுதிவைத்து, பொருளை மாற்றினார்கள். கோபால்ட் உலோகக் கலவைச் சட்டமும் உறுதிமிக்க பாலிதீன் வட்டும் கொண்ட நான்காவது அமைப்பே நின்றது. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. முதல் மூன்று தோல்வியும் சோதனைமேடையிலும் விலங்குகளிடத்தும் நிகழ்ந்தன. நோயாளியின் நெஞ்சில் நிகழவில்லை. அவர்கள் தம் வேலையைத் தாமே ஐயுற்றுச் சோதித்ததன் பயன் அது.

நண்பர்களே, இன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வீட்டிலுள்ள வெப்பமானியோ, இரத்த அழுத்தக் கருவியோ, ஆக்சிமீட்டரோ ஏதேனும் ஒன்றை எடுங்கள். ஒரே ஆளிடம் பத்து முறை அளந்து, பத்து எண்ணையும் எழுதுங்கள். ஏன் வேறுபடுகின்றன என்று கீழே உங்களுக்குத் தோன்றும் காரணங்களைக் குறியுங்கள். ஐயமிருப்பின் மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள்; சேர்ந்து பார்ப்போம். கீழ்வீட்டுப் பாட்டியம்மா இன்றும் எங்கள் ஆக்சிமீட்டரைக் கண்டால் விரலை நீட்டுகிறார். நான் முதலில் அவர் கையைத் தேய்த்துச் சூடாக்குகிறேன். பிறகு மூச்சை எண்ணுகிறேன். அதன் பின்தான் கருவியை மாட்டுகிறேன்.